ஆட்டிசத்துக்குப் பொன்னாடை

மலாக்கா மாநிலத்தில் ஆட்டிசத்துக்கு முதன்முதலாகக் குத்துவிளக்கு ஏற்றிய பெருமை மாயாண்டியையே சேரும். அதற்கு முன்பு அவர் கல்யாணம் காதுகுத்துகளுக்குப் பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதை விட்டுவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். வருமானம் வருகிற தொழிலை யாராவது விடுவார்களா? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. தொண்ணூற்றாறாம் ஆண்டு வாக்கில் புக்கிட் பெருவாங் கடைவரிசையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியைப் பிடித்து, ‘அனைத்துலக ஆட்டிச முதுநிலைப் பயிற்சிக் கழகம், மலாக்காக் கிளை’ என்று பலகை மாட்டினார். மற்ற கிளைகள் எந்தெந்த நாட்டில் இருக்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருந்தது. தபாலில் வந்தது. அரசாங்கம் கொடுக்கிற டத்தோ பட்டம்தான் வந்தபாடில்லை. பட்டம் கொடுக்கும் பருவம் வரும்போதெல்லாம் பத்திரிகையில் பெயர்களை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துப் பெருமூச்சு விடுவார். ஆகவே கழகத்துக்குள் அவரை ‘விரைவில் டத்தோ ஆகவிருக்கும் டாக்டர் மாயாண்டி அவர்கள்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லாதவர்களுக்கு மதிப்பெண் குறையும்.

இந்தக் கழகத்தின் படிகளில் தேவமலர் ஏற நேர்ந்தது அவள் தலையெழுத்து. அவள் மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு டீச்சர். புருஷன் சேகரன், ஆயர் குரோ பேக்டரிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் டிரைவர். ஒரே மகள் லோகினி, எட்டு வயது. லோகினிக்கு ஆட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் பேசமாட்டாள். பாட்டில் மூடிகளை நிறம் பிரித்து வரிசையாக வைப்பாள். சத்தம் பொறுக்காமல் போனால் காதைப் பொத்திக்கொண்டு எதற்காவது அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். மற்றபடி அவளால் ஒருவருக்கும் ஒரு தொல்லையும் கிடையாது. அம்மாவின் வகுப்பிலேயே சன்னலோரம் ஓர் இடம் போட்டுக்கொடுத்திருந்தார்கள். ‘டேய், லோகினி மூடிய மிதிக்காத லா’ என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் அதட்டும் அளவுக்கு எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

இப்படி ஒரு காரியம் நன்றாக நடந்துகொண்டிருந்தால் இலாகாவுக்குப் பொறுக்குமா? எந்த இலாகா என்று கேட்காதீர்கள், எந்த இலாகாவுக்குத்தான் பொறுத்திருக்கிறது! ஒருநாள் அதிகாரி தினேஸ்வரன் பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் வீராசாமியின் அறையில் உட்கார்ந்து, வாழைப்பழப் பொரியல் சாப்பிட்டு, டீ குடித்துவிட்டுச் சொன்னார்.

“ஆட்டிசத்துல முதுநிலைத் தகுதி உள்ள நிபுணர் இல்லாத பள்ளிக்கூடத்துல இந்த மாதிரிப் பிள்ளைய வச்சிருக்கக் கூடாது சார். புது ரூல். ரெண்டு வருசம் டைம் தரேன். அதுக்குள்ள ஒரு நிபுணரக் காட்டுங்க. இல்லாட்டி பிள்ளைய கோலாலம்பூர் ஹோமுக்கு அனுப்பிற வேண்டியதுதான்.”

வீராசாமி கெட்டவரில்லை, பயந்தவர். தேவமலரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, “நிபுணருக்கு நான் எங்க டீச்சர் போவேன்? நீங்களே படிச்சிட்டு வந்துடுங்களேன். புக்கிட் பெருவாங்ல என்னமோ தொறந்திருக்காங்களாம்” என்றார்.

அம்மா இல்லாமல் ஒருவேளைச் சோறு தொண்டையில் இறங்காத பிள்ளையை, முகம் தெரியாதவர்கள் கையில் கோலாலம்பூருக்கு அனுப்புவதா? தேவமலர் அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டாள்.

நேர்முகத் தேர்வில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது. உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்.

“என்னா பாய், ஆச்சா?”

“ஆச்சு தங்கச்சி. எம் பையனுக்கு ஆட்டிசம், அதான் படிக்க வந்தேன்னு சொன்னேன். அப்ப உங்களுக்கு எடம் கெடையாதுங்கறாங்க. சொந்தக்காரங்க உணர்ச்சிவசப்படுவாங்களாம். படிப்புக்கு ஆகாதாம்.” அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “பிள்ளைக்கு ஆட்டிசம் இல்லாதவங்கதான் வேணுமாம். நீங்க எப்படி?”

தேவமலர் பதில் சொல்வதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே மாயாண்டியும், மூத்த விரிவுரையாளர் இந்திராதேவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்க குடும்பத்துல யாருக்காவது ஆட்டிசம் உண்டா?” என்று இந்திராதேவி கேட்டார்.

“இல்லைங்க.”

“இந்த நோய் உள்ள யாரையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?”

“இல்லைங்க.”

“ரொம்ப நல்லது” என்றார் மாயாண்டி. “இந்த மாதிரிச் சுத்தமான மனசு உள்ளவங்கதான் நமக்கு வேணும்.”

அன்று வீட்டுக்கு வந்து லோகினிக்குச் சோறு ஊட்டியபோது தேவமலரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லிவிட்டு வந்த வாய் கசந்தது. சேகரன்தான், “பிள்ளைய வச்சுக்கத்தானே இல்லன்னு சொன்ன? விடு லா” என்று தேற்றினான்.

வகுப்புகள் சனி, ஞாயிறு. முதல்நாள் விளக்கேற்றினார்கள். இறைவாழ்த்து பாடினார்கள். வரவேற்புரை முடிந்ததும் மாயாண்டி மைக்கைப் பிடித்தார். அறையில் இருந்தவர்களுக்கு மைக் தேவையே இல்லை. ஆனால் செட் சொந்தமானது.

“நண்பர்களே! ஆட்டிசம் என்றால் என்ன? அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் எனக்கில்லை. கல்யாண மண்டபம் கட்டியவன் அங்கே நடக்கிற கல்யாணத்துக்கெல்லாம் தாலி கட்ட வேண்டுமா?” கைதட்டல் எழுந்தது. “இந்த நாட்டிலே ஆட்டிசப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நிபுணர்கள் இல்லை என்று குறை சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், பிள்ளைகளுக்கு என்ன அவசரம்? முதலில் நிபுணர்கள் உருவாகட்டும். பட்டம், அங்கி, படம் எல்லாம் தயாராகட்டும். பிள்ளைகள் அவர்களாகவே வந்து சேருவார்கள்!”

தேவமலரைத் தவிர எல்லாரும் தட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஹரிதாஸ், “தட்டுங்கக்கா, அவரு பாக்குறாரு” என்று கிசுகிசுத்ததும் அவளும் தட்டினாள். ஹரிதாஸ் இன்னொரு தோட்டப் பள்ளியின் இளம் ஆசிரியன். முதுநிலைப் பட்டயம் இருந்தால் சம்பளம் கூடும் என்று யாரோ சொல்ல, கழகங்களில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் சேர்ந்துகொண்டவன். அது ஆட்டிசமாக அமைந்துவிட்டது. பிள்ளை நல்லவன், சொன்னால் சொன்னபடி கேட்பான். அதனாலேயே அவன் முதல் மாணவனாகிவிடுவான் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று.

பாடப்புத்தகம் ஒன்றே ஒன்று. இந்திராதேவி எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டோஸ்டாட் எடுத்துக்கொடுத்திருந்தார். மூன்றாம் அத்தியாயத்துக்கு அடுத்து ஐந்தாம் அத்தியாயம் வந்தது.

“மேடம், நாலாவது இல்லையே?” என்றாள் தேவமலர்.

“அது பாடத்திட்டத்துல இல்லை.”

“முன்பக்கத்துல தலைப்பு போட்டிருக்குங்களே. ‘பிள்ளையோடு பழகுவது எப்படி’ன்னு.”

“தேவமலர், போட்டோஸ்டாட் கடையில விட்டுப்போனது விட்டுப்போனதுதான். கழகத்தோட செனட்டே அதைக் கூடி முடிவு பண்ணியாச்சு. நாலாம் அத்தியாயத்துல இருந்து கேள்வி வராது. வராத கேள்விக்கு எதுக்குப் படிக்கணும்?”

செனட் என்றது மாயாண்டி, இந்திராதேவி, மாயாண்டியின் மைத்துனர் மூவரும்தான். மைத்துனர் நாற்காலி லோரி ஓட்டுவார்.

இந்தக் கழகம் ஆட்டிச உலகுக்கு அளித்த சொந்தக் கொடை ஒன்று உண்டு. அதற்கு ‘அமர்வு முறைமை’ என்று பெயர். மாயாண்டியே யோசித்துக் கண்டுபிடித்தது. எத்தனையோ விழாக்களுக்கு மைக் கட்டியவர் அவர். முறையாகத் தொடங்காத எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை என்பது அவர் அனுபவம். ஆகவே நிபுணர் ஒருவர் ஆட்டிசப் பிள்ளையிடம் போனால், முதலில் அவை வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். பிறகு வரவேற்புரை, தலைமையுரை. அதற்குப் பிறகு சிகிச்சை. கடைசியாக நன்றியுரை. நடுவில் பிள்ளை அழுதால்?

“நன்றியுரை முடியிற வரைக்கும் அழுகையைக் கவனிக்கக் கூடாது” என்றார் இந்திராதேவி. “நிகழ்ச்சி நிரல் கெட்டுப்போகும்.”

பயிற்சிக்குப் பிள்ளை வேண்டுமே? கழகத்தில் பிள்ளை இல்லை. மாணவர்களே முறைவைத்துப் பிள்ளையாக நடிக்க வேண்டும், அதற்கும் மதிப்பெண். ஹரிதாஸ் முறை வந்தபோது அவன் புத்தகத்தில் உள்ளபடி மேசையில் தலையை மோதினான், விரல்களை ஆட்டினான், மேலே சுழலும் காற்றாடியை வெறித்தான். பொன்னாடை போர்த்தியபோது பிடுங்கி எறிந்தான். நெற்றி வீங்கிவிட்டது. இந்திராதேவிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. “இதுதான் ஆட்டிசம்! எல்லாரும் பாத்துக்குங்க” என்றார்.

அடுத்து தேவமலர். அவளுக்கு நடிக்க வரவில்லை. பேசாமல் தரையில் உட்கார்ந்து, கைப்பையில் கிடந்த சில்லறைகளை எடுத்து அளவு பிரித்து வரிசையாக வைத்தாள். மெல்ல முனகிக்கொண்டாள். யாரோ நாற்காலியை இழுத்த சத்தத்துக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவ்வளவுதான். செய்யும்போது அவளுக்கு மகள் நினைவாகவே இருந்தது.

“என்ன இது?” என்றார் இந்திராதேவி.

“ஆட்டிசம், மேடம்.”

“இதுவா? இப்படியா இருக்கும்? நீங்க பாத்தீங்களா? புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க. ஹரிதாஸப் பாத்தாவது கத்துக்க வேணாமா? ஆட்டிசத்துல உங்களுக்கு அடிப்படையே இல்லை!”

அந்தத் தேர்வில் தேவமலர் தேறவில்லை. திரும்ப எழுத, இல்லை, திரும்ப நடிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் லோகினி மூடி அடுக்கிக்கொண்டிருக்க, எதிரே தேவமலர் தலையணையில் நெற்றியை மோதி மோதிப் பழகினாள். லோகினி கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள். சேகரன் வாசலில் நின்று சிரித்துச் சிரித்து, அப்படியே அழுதும்விட்டான்.

இப்படியாக இரண்டாம் வருஷக் கடைசியும் வந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு மண்டபம் எடுத்தாயிற்று. அப்போதுதான் சிறப்பு விருந்தினர் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வந்தது: விழாவில் ஆட்டிசப் பிள்ளை ஒன்று மேடையில் இருக்குமா? பத்திரிகையில் படம் வந்தால் நன்றாக இருக்குமே? சிறப்பு விருந்தினர் யாரென்றால், ஒரு சட்டமன்ற உறுப்பினருடைய செயலாளரின் தம்பி. அவர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா?

மாயாண்டி நாலு பக்கமும் போன் போட்டார். பந்தல்காரர்களிடம் கேட்டார், சமையல்காரர்களிடம் கேட்டார். ஆட்டிசத்துக்கு இரண்டு வருஷமாக நிபுணர்களை உண்டாக்கிய கழகத்துக்கு ஆட்டிசப் பிள்ளை ஒன்றைக்கூடத் தெரியவில்லை. கடைசியில் வகுப்புக்கே வந்து நின்றார்.

“தேவமலர், நீங்க எஸ்டேட் பக்கம்தானே? அங்க ஒன்னு ரெண்டு இருக்கும், விசாரிங்களேன். ஒன்னு கொண்டாந்தா பிள்ளையா நடிச்சீங்களே, உங்களுக்கு அந்தப் பழைய மதிப்பெண்ணச் சரிபண்ணிடலாம். இல்லாட்டி நீங்க தேறுறது கஷ்டம். உள்ளதச் சொல்றேன்.”

தேறாவிட்டால் பிள்ளை கோலாலம்பூருக்கு. தேற வேண்டுமென்றால் பிள்ளை மேடைக்கு. தேவமலர் அன்று இரவெல்லாம் புரண்டாள். விடிந்ததும், “ஒருநாள் கூத்து. பல்லக் கடிச்சிக்கிட்டுப் போய்ட்டு வந்துடுவோம்” என்று சேகரனிடம் சொன்னாள்.

விழா மலாக்கா டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்து மணவறையைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை. ஆகவே சிறப்பு விருந்தினரை மாப்பிள்ளை இருக்கையிலும், விரைவில் டத்தோ ஆகவிருப்பவரைப் பெண் இருக்கையிலும் உட்காரவைத்தார்கள். நாதஸ்வரம், தவில். மேடை ஓரத்தில் விழாவைத் திறந்துவைக்க ஆளுயர வெண்கலத் தட்டு, கோங். பட்டம் வாங்குகிறவர்கள் கறுப்பு அங்கியில், தொப்பியில், முன்வரிசையில் வெந்துகொண்டிருந்தார்கள்.

சேகரன் லோகினியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அங்கியில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்தபடி, “வணக்கம் டீச்சர்” என்றான்.

“வாங்க சேகரன். பஸ்ஸுல வந்தீங்களா?” என்றாள் தேவமலர். மகளைப் பார்த்தும் பாராதவள்போல் நின்றாள்.

மைத்துனர் வந்து, “சொந்தக்காரங்க கயித்துக்கு அந்தப் பக்கம்” என்று சேகரனை மண்டபத்தின் பின்பக்கத்துக்கு ஓட்டிவிட்டு, லோகினியை மேடையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். விருந்தினர் வரத் தாமதம். அதுவரைக்கும் தவில் விடவில்லை. லோகினியின் இரண்டு கைகளும் காதைவிட்டு இறங்கவில்லை. முன்வரிசையில் தேவமலர் அங்கியின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

விருந்தினர் வந்தார், மாலை விழுந்தது. அவர் கோங்கை அடித்தார். மண்டபமே அதிர்ந்தது. லோகினி நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, மேடையில் கேடயங்கள் அடுக்கியிருந்த மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். வாயிலிருந்து ஒரே சீரான ஊளை வந்தது.

“பாருங்கள்!” என்றார் மாயாண்டி மைக்கில், முகமெல்லாம் மலர. “சொல்லிவைத்ததுபோலப் பிள்ளை தொடங்கிவிட்டது. இப்போது நம் தங்கப் பதக்க மாணவர் ஹரிதாஸ், நேரடிச் செய்முறை விளக்கம் அளிப்பார்!”

ஹரிதாஸ் பொன்னாடையோடு மேடையேறினான். அவன் வாழ்நாளில் பார்த்த முதல் ஆட்டிசப் பிள்ளை அது. மேசைக்கு முன்னால் மண்டியிட்டு, மைக்கை வாயருகே வைத்து, “விரைவில் டத்தோ ஆகவிருக்கும் டாக்டர் மாயாண்டி அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, செனட் உறுப்பினர்களே, மேசைக்கடியில் வீற்றிருக்கும் செல்வி லோகினி அவர்களே…” என்று தொடங்கினான். மைக் கீச்சிட்டது. லோகினி மேசைக்காலில் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தாள். வீட்டிலோ பள்ளியிலோ அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

“அருமை! புத்தகத்துல உள்ளது பக்கம் மாறாம அப்படியே இருக்கு!” என்றார் இந்திராதேவி.

“பொன்னாடையப் போர்த்துங்க தம்பி” என்றார் மாயாண்டி. ஹரிதாஸ் போர்த்தப் போனான். அவள் உதறினாள். விருந்தினர் முகத்தைச் சுளித்து, “என்னங்க இது, அழுதுகிட்டே இருக்கு, எப்படிப் படம் எடுக்கறது?” என்றார்.

“கவனம் சிதறியிருக்கு, அவ்வளவுதான். திரும்ப ஒருமுறை கோங்க அடிங்க” என்றார் மாயாண்டி.

இந்த விளக்கம் முடிந்தால் பட்டமளிப்பு, அதில் தேவமலரின் பெயரும் உண்டு. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், பிள்ளை பள்ளியில் இருக்கும். எழுந்தால் இரண்டு வருஷமும் போயிற்று. கோங் அடிக்கிறவன் கட்டையை ஓங்கியதுதான் அவள் பார்த்தது.

“அடிக்காத! ஏய், நிறுத்துடா அத!”

அங்கி தடுக்க, தொப்பி உருள, மேடையேறி ஓடி, மேசைக்கடியில் புகுந்து மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். காலில் சுற்றிக் கிடந்த பொன்னாடையை வீசியெறிந்தாள். அங்கியால் பிள்ளையை மூடிக்கொண்டாள்.

மாயாண்டி குனிந்து பார்த்தார். “ஏம்மா, முறைன்னு ஒன்னு இல்ல? அவை வணக்கம் சொல்லாமக்கூட எப்படிப் பிள்ளையத் தொடுறீங்க? நீங்க யாரு அதுக்கு?”

“நான் அவளப் பெத்தவ!” மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறவர்களுக்குக்கூடக் கேட்டது. “எம் பிள்ளை இது! இல்லன்னு பொய் சொன்னேன். இனிமே சொல்லமாட்டேன், போங்க!”

மாயாண்டி நிமிர்ந்தார். தொண்டையைக் கனைத்தார். பேச்சு என்று வந்துவிட்டால் அவருக்கு ஒத்திகையே வேண்டாம்.

“அன்பர்களே! இது ஒரு சோகமான கட்டம். ஆட்டிசத்துக்காகவே நடத்தப்படும் இந்தக் கழகத்திலே, இரண்டு வருஷ காலம், ஓர் ஆட்டிசப் பிள்ளையின் தாய் நமக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து படித்திருக்கிறாள்! எவ்வளவு பெரிய மோசடி! அந்தப் பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருத்தியை நாம் நிபுணர் ஆக்கியிருந்தால், நாளைக்கு உலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்காதா? அந்த அவமானத்திலிருந்து கழகம் தப்பியது. தெய்வத்துக்கு நன்றி. திருமதி தேவமலரின் பட்டயம் இந்த நிமிஷமே ரத்து. அங்கியை வாசலில் கொடுத்துவிட்டுப் போகவும். அது வாடகை அங்கி.”

கைதட்டினார்கள். அதற்குப் பிறகு விழா குறையில்லாமல் நடந்தது. கோங் இன்னொரு தடவை அடித்ததாகவும் கேள்வி.

சேகரன் ஓட்டிவந்த பேக்டரி பஸ்ஸில், அத்தனை இருக்கைகளும் காலியாகக் கிடக்க, முன்னாலேயே மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார்கள். லோகினி தூங்கிவிட்டாள். நெற்றி சிவந்திருந்தது.

“போச்சுங்க” என்றாள் தேவமலர். “நானே எம் பிள்ளைய அனுப்பிட்டேன். என்னால பொறுக்க முடியலங்க.”

“பொறுத்திருந்தா நான் உன்ன மன்னிச்சிருக்க மாட்டேன்” என்றான் சேகரன். ஆனால் அவன் குரலும் உடைந்துதான் இருந்தது.

புதுப் பள்ளியாண்டு தொடங்க இருந்த வாரம், வீட்டு வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. ஹரிதாஸ். உள்ளே வரத் தயங்கி நின்றான்.

“அக்கா, உங்க பள்ளிக்கூடத்துக்கு நிபுணர் வேணும்னு சொன்னாங்க. மாத்தல் கேட்டேன், கெடச்சிருச்சு.”

“நிபுணர்னா, நீங்களா தம்பி?” என்றாள் தேவமலர்.

“எனக்கு ஒன்னும் தெரியாதுக்கா. அன்னிக்கு அந்தப் பிள்ளை அப்படி அழுதப்பத்தான் தெரிஞ்சிச்சு, எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னு. ஆனா பட்டயம் இருக்குக்கா. தங்கப் பதக்கம்கூட இருக்கு.”

தேவமலருக்கு அவனை அறையவும் தோன்றியது, உட்காரவைத்துச் சோறு போடவும் தோன்றியது. சோறு போட்டாள். “அது போதும் தம்பி” என்றாள். “அவங்க கேட்டது அதத்தானே.”

அப்படியாக லோகினி பள்ளியிலேயே இருந்தாள். சாமான் அறையைக் காலிபண்ணி, வெள்ளையடித்து, ‘சிறப்பு வகுப்பு’ என்று எழுதி, உள்ளே பட்டயத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதற்குக் கீழே ஹரிதாஸ் உட்கார்ந்துகொள்வான். கதவு திறந்தேயிருக்கும். லோகினி அங்கே இருக்கத் தோன்றினால் இருப்பாள், தோன்றாவிட்டால் அடுத்த அறையில் அம்மா வகுப்புக்குப் போவாள், இரண்டும் பிடிக்காவிட்டால் வராந்தாவில் நிற்பாள். அவள் எங்கே இருந்தாலும் ஹரிதாஸ் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நிபுணர் பள்ளியில் இருக்க வேண்டும் என்பதுதானே ரூல்?

மார்ச் மாதம் தினேஸ்வரன் பார்வையிட வந்தார். சிறப்பு வகுப்புக்குள் போய்ப் பட்டயத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரைவரை படித்தார். பதக்கத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தார். ஹரிதாஸின் கையைக் குலுக்கினார். காலியாகக் கிடந்த அறையைச் சுற்றிப் பார்த்து, “எவ்வளவு அமைதியா இருக்கு! பயிற்சின்னா இதுதான்லா பயிற்சி” என்று வீராசாமியிடம் சொன்னார். “இனிமே அந்தப் பிள்ளைய எங்கயும் அனுப்ப வேண்டியதில்ல. என் தரப்புல ஃபைல க்ளோஸ் பண்ணிடறேன்.”

காடியில் ஏறிக் கிளம்பப் போனவரை வராந்தாவில் தேவமலர் நிறுத்தினாள்.

“சார், பிள்ளையப் பாக்கலையே?”

“பாக்கணுமா?” தினேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். “அதான் பட்டயம் எல்லாம் கரெக்டா இருக்கேம்மா.”

“ரெண்டு வருசமா அவளப் பத்தித்தானே சார் பேசினீங்க? அவள எங்க அனுப்பறதுன்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க? ஒரு தடவ பாத்துட்டுப் போங்க.”

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை என்னவோ செய்தது. பெருந்தன்மையாகச் சிரித்து, “சரி சரி, காட்டுங்க” என்று தேவமலரின் வகுப்புச் சன்னலுக்கு வந்தார். அங்கே ஒரு சிறுமி நின்று சன்னல் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்கம்மா, மறைக்குது” என்று அவள் தோளைப் பிடித்து அன்பாக ஓரமாக நகர்த்திவிட்டு, தினேஸ்வரன் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்த ஓரத்துல, விட்டத்தப் பாத்துக்கிட்டு வாய்க்குள்ளயே பேசுறானே, அவனா?”

“அவன் வகுப்புத் தலைவன் சார். வாய்ப்பாடு சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கான்” என்றார் வீராசாமி அவசரமாக.

“அப்ப அந்தக் கடைசி வரிசை? தனியா உக்காந்திருக்கு?”

“இல்ல சார்.”

தினேஸ்வரன் ஒவ்வொரு முகமாகத் தேடினார். இரண்டாம் தடவையும் தேடினார். பிறகு சற்றுக் கடுப்போடு திரும்பினார்.

“எங்கதான்மா இருக்கு அந்தப் பிள்ளை?”

“இப்பத் தள்ளி நிக்கச் சொன்னீங்களே சார்” என்றாள் தேவமலர், “அவதான்.”